வலப்பக்கத்துச் சத்தம்

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, தங்கப்பழம் நான்கு செங்கல்களோடு கார் ஷெட்டுக்குள் வந்தார். பின்சக்கரங்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கொடுத்துக் காலால் எத்தி இறுக்க வேண்டும். வலப்பக்கம் சுலபமாக முடிந்தது. இடப்பக்கம் காருக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி, பூனை போகும், ஆள் போக முடியாது. ஒட்டடைக் கம்பால் செங்கல்லைத் தள்ளித் தள்ளி ஒரு வழியாகச் சக்கரத்தோடு சேர்த்தார். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் நேற்றே எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று. வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்தார். எழுந்திருந்தாலும் தனக்குக் கேட்டிருக்காது என்ற நினைப்பு பின்னாலேயே வந்தது. அதுதானே இப்போது பேச்சு. அந்தக் காதை வைத்துக்கொண்டுதானே காரில் சத்தம் வருகிறது என்கிறார். மூன்று வாரமாக இந்த வீட்டில் அதுதான் வேடிக்கை. நாற்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் இருக்காது. தாண்டினால், தூரத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பும். ஐம்பது, அறுபது என்று ஏற ஏற மில் பக்கத்துத் தெருவுக்கு வரும், அடுத்த வீட்டுக்கு வரும், அப்புறம் காலுக்கடியிலேயே அரைக்கும். கிளட்சை மிதித்தாலும் நிற்காது, நியூட்ரலில் ஓடவிட்டாலும் நிற்காது, அப்படியானால் எஞ்சின் இல்லை. புது ரோடானாலும் பழைய ரோடானாலும் ஒரே மாதிரிதான், அப்படியானால் டயரும் இல்லை. பேரிங். வேறு என்ன. வலது முன்சக்கரத்துப் பேரிங். சத்தம் அவருடைய வலது முட்டிக்கு அந்தப் பக்கம், கதவுக்குக் கீழேயிருந்துதான் வருகிறது. அதில் மட்டும் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகம் எல்லாம் மற்றவர்களுக்குத்தான். மகன் ஜெபசிங்குக்குக் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்கும், ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு. அவன் அம்மாவுக்கும் கேட்கவில்லையாம். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிற மகனுக்கு எல்லா டாக்டரையும் தெரியும், ஆகவே தகப்பனைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். காரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று தகப்பன் சொன்னால், மகன் தகப்பனைக் கொண்டுபோய்க் காட்டுகிறான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றாள் ஒரு பெண். வலது பக்கம் கேட்டதற்கெல்லாம் அமுக்கினார். இடது பக்கம் அவர் அமுக்குவதற்காகக் காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள். இடது காது சுத்தமாக இல்லை என்றார் டாக்டர், வலது காதில் உள்ளிருந்தே ஒரு இரைச்சல் உற்பத்தியாகும் என்றார், வயசு, செய்த வேலை, இரண்டும்தான் என்றார். அதைக் கேட்டதும் ஜெபசிங் முகத்தில் என்ன ஒரு நிம்மதி. வழக்கு ஜெயித்த மாதிரி. அன்றைக்கே வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காரில் சத்தம் இல்லை, அப்பா காதில்தான் சத்தம். ஆனால் காதுக்குள் இருக்கிற இரைச்சல் வேறு, அவருக்குத் தெரியாதா, அது ராத்திரியும் பகலும் சில்வண்டு மாதிரி ஒரே ஸ்தாயியில் போகும், நாற்பதில் தொடங்கி அறுபதில் ஏறாது. காதுக்கு ஆக்சிலேட்டர் உண்டா. இதைச் சொன்னபோது சோபாவில் சாய்ந்திருந்த மகன் சிரித்தான், நல்ல நகைச்சுவைக்குச் சிரிப்பது மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் முந்தாநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவருக்கு வாய் நீண்டுவிட்டது. சனிக்கிழமை காலையில் நானே தூக்கிப் பாக்கேம்ல, வலது முன்சக்கரத்துல பேரிங் போயிருக்கலன்னா சாவி ஒனக்கு, அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் யாரும் கேட்டு அவர் சொல்லவில்லை, அதுதான் உறுத்தல்.

ஜாக்கியைக் காருக்கடியில் கொடுத்து, சட்டத்தில் இடம் பார்த்துப் பொருத்தி, கம்பியைச் சுழற்றத் தொடங்கினார். கார் முனகிக்கொண்டு ஒரு பக்கமாக எழும்பியது. டிப்போவில் இதெல்லாம் டிரைவர் வேலை இல்லை. டிரைவர் வந்து நிற்பான், வண்டி இந்த மாதிரி இழுக்கிறது, இந்த மாதிரி கத்துகிறது என்று சொல்வான், மெக்கானிக் மீரான் கேட்டுக்கொள்வான். மீரான் ஒரு தடவைகூட அவர் சொன்னதைச் சந்தேகப்பட்டதில்லை. அண்ணாச்சி சொன்னா வண்டியில இருக்கும் என்பான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி, முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ். பழைய வண்டிகளில் எஞ்சின் உள்ளேயே இருக்கும், டிரைவருக்கு இடப்பக்கம், தகர மூடி போட்டு, அதன்மேல் ரெக்ஸின் மெத்தை தைத்து. வலப்பக்கம் ஜன்னல், காற்று. இடப்பக்கம் எஞ்சின், அடுப்பு மாதிரி. இடது தொடையில் ரோமமே முளைக்காது, வெந்து வெந்து. காதும் அப்படித்தான் வெந்து போயிற்று, ஒரு நாளில் இல்லை, யாரும் கவனிக்காமல், அவரும் கவனிக்காமல். அந்த மெத்தைமேல்தான் ரத்தினபாய் உட்கார்ந்து வருவாள், கல்யாணமான புதிதில், நாங்குநேரியில் பள்ளிக்கூட வேலை பார்த்தபோது. கூட்டம் நெரிந்தாலும் டிரைவர் பெண்டாட்டிக்கு அந்த இடம் உண்டு. சூடு தாங்காமல் நோட்டுப் புத்தகக் கட்டை அடியில் வைத்துக்கொண்டு, நாங்குநேரி வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். பின்னால் உட்கார்ந்திருக்கிற சனம் பார்த்துச் சிரிக்கும். முதல் இரண்டு மூன்று வருஷம் அவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் தலையாட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல், தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கப்பட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன கையோடு கார் வாங்கினாலும் அவள் உட்காருகிற இடம் மாறவில்லை, இடப்பக்கம்தான். கொஞ்ச நாள் பேசிப் பார்த்தாள். அப்புறம், காலை நீட்ட வசதியாக இருக்கிறது என்று பின் சீட்டுக்குப் போய்விட்டாள். மகன் ஓட்டினால் மட்டும் முன்னால் உட்காருகிறாள். காலை நீட்ட வேண்டியதில்லை போலிருக்கிறது, அப்போது.

யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் திரும்பினார். வாசல், கேட், கேட்டில் தொங்குகிற பால் பை. யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டது. மறுபடியும் வலப்பக்கம் பார்த்தார். தோளில் ஒரு கை பட்டது, இடது தோளில்.

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம். எத்தன மட்டம் கூப்புடுதேன்." ரத்தினபாய் டீ கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றாள். "எங்கன நின்னு கூப்புட்டாலும் வடக்கதான் பாப்பிய. வடக்க யாரு இருக்கா ஒங்களுக்கு?"

"வை அங்கன. கையெல்லாம் அழுக்கு."

"அவன் ஒம்பது மணிக்குக் கெளம்பணும்னு சொல்லிருக்கான். வண்டியக் கழத்திப் போட்டுட்டு நிக்காதிய."

"கழத்தல. தூக்கிப் பாக்கேன், அவ்வளவுதான்."

"தூக்கிப் பாருங்க, எறக்கிப் பாருங்க. எந்தங்கச்சியப் பாத்து மூணு வாரமாச்சு. ரத்தம் சுத்திகரிச்சுக்கிட்டு வந்து கோயில்பட்டியில கட்டிலோட கட்டிலாக் கெடக்கா. வா வான்னு கூப்புடுதா. பஸ்ல போவலாம்னா இந்த முட்ட வச்சுக்கிட்டுப் படி ஏற முடியல. கார்ல சத்தம், கார்ல சத்தம்னு தூரத்துக்கு நீங்களும் எடுக்க மாட்டிய, அவனையும் எடுக்க விட மாட்டிய. எனக்கு ஒண்ணும் கேக்கல, சொல்லிட்டேன்."

"நீ வாய மூடுனாத்தான கேக்கும்."

"ஆமா, நான் பேசுனது ஒங்களுக்குக் கேட்டுக் கிழிஞ்சுது" என்று சொல்லிவிட்டு டீயை மதில் திண்டில் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்புக்கு உப்புப் போதும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சக்கரம் தரையை விட்டு எழும்பி நின்றது. டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும். தங்கப்பழம் சாக்கை விரித்து உட்கார்ந்தார். கேட்டுக் கிழிந்தது. இந்த வார்த்தை மட்டும் எப்படிக் கேட்கிறது, அதுதான் தெரியவில்லை, நல்ல வார்த்தை எதுவும் அந்தச் சுவரைத் தாண்டி வருவதில்லை. ஒரு கையை டயரின் உச்சியிலும் ஒரு கையை அடியிலும் கொடுத்து, மேலே இழுத்துக் கீழே தள்ளி, மேலே தள்ளிக் கீழே இழுத்தார். பேரிங் தேய்ந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு ஆட்டம் தெரியும். பால் பல் ஆடுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஆட்டம் இல்லை. கைப்பிடி சரியில்லையோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்து ஆட்டினார். கார் முழுக்க ஜாக்கிமேல் அசைந்தது, சக்கரம் தனியாக அசையவில்லை. சரி, தேயத் தொடங்கின புதிதில் ஆட்டம் தெரியாதுதான், சொரசொரப்புத்தான் தெரியும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வலது காதை அதன் அருகே கொண்டுபோனார். காதில் சில்வண்டுதான் கத்தியது. அது எப்போதும் கத்துவது. சக்கரம் சுற்றுகிற சத்தமா, சில்வண்டா, இரண்டுக்கும் நடுவே ஏதாவது உண்டா. மீரான் சொல்வான், காத நம்பாதிய அண்ணாச்சி, காது பொய் சொல்லும், கைய நம்புங்க. டயருக்குப் பின்னால் கையை விட்டு, சக்கரத்துக்கு மேலே நிற்கிற ஸ்பிரிங்கை விரலால் பற்றிக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். உள்ளே குண்டு தேய்ந்திருந்தால் மணல்மேல் காலை இழுக்கிற மாதிரி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஏறும். சுழற்றினார். ஸ்பிரிங் சும்மா இருந்தது. வெண்ணெய் மாதிரி சுற்றியது சக்கரம். சவம், இவ்வளவு நல்லா ஏன் சுத்துது.

மறுபடி சுழற்றினார். மறுபடி. ஒவ்வொரு தடவையும் விரல்களை இன்னும் கொஞ்சம் மேலே வைத்து, இன்னும் கொஞ்சம் கீழே வைத்து. பேரிங் போயிருக்க வேண்டும், போயிருந்தால் நல்லது என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அவருக்கே உறைத்தது. சொந்தக் காரில் பேரிங் போயிருக்க வேண்டும் என்று எவனாவது கர்த்தரிடம் கேட்பானா. வாங்கின அன்றைக்குப் பாதிரி ஐயர் சர்ச் வாசலில் வைத்து இதே பானெட்மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார், பிரயாணத்திலே காத்தருளும் என்று. இப்போது அதற்கு நேர் எதிராக இவர் ஒரு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார், சாக்கில் உட்கார்ந்து. கொஞ்சமாவது தேய்ந்திருக்கட்டும் ஆண்டவரே. ஒரு குண்டாவது. பேரிங் போனால் என்ன ஆகும் என்று தெரியாதவர் இல்லை. இஸ்ரவேல் ஓட்டின வண்டியில், மூன்றடைப்புப் பக்கம், சாயங்கால டிரிப்பில், பின்சக்கரம் கழன்றது. இஸ்ரவேலுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. தன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் தனியாக உருண்டு வருவதைப் பார்த்தான். எந்த வண்டிச் சக்கரம்டா இது, ஆளில்லாமல் போகிறது என்று நினைத்தானாம். அது அவனை முந்திக்கொண்டு போய் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கின பிறகுதான் பஸ் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. நல்லவேளை, சனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டிப்போவில் அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். தங்கப்பழமும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து கனவில் ஒரு சக்கரம் வரும், வலப்பக்கமாக வந்து, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முந்திக்கொண்டு போகும். சக்கரத்துக்கு முகம் ஏது திரும்பிப் பார்க்க. ஆனாலும் பார்க்காமல் போகிறது என்றுதான் கனவில் தோன்றும். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. எரிந்தது. கிரீஸ் கையால் துடைத்துவிட்டு இன்னும் எரியவைத்துக்கொண்டார். ஆட்டம் இல்லை, சொரசொரப்பு இல்லை. அப்படியானால் மில் எங்கே ஓடுகிறது. அறுபதில் ஓடுகிற மில் தலைக்குள் ஓடுகிறதென்றால், இத்தனை வருஷம் மீரானிடம் போய்ச் சொன்னதெல்லாம். இல்லை, அதெல்லாம் இருந்தது, அவன் பிரித்துப் பார்த்தான், தேய்ந்த குண்டைக் கையில் எடுத்துக் காட்டினான். இப்போது காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஜெபசிங் வந்து நின்றதை அவர் நிழலில் பார்த்தார். குளித்து, சட்டை மாட்டி, தலை வாரி, சென்ட் அடித்திருந்தான்.

"என்னப்பா, ஆட்டம் உண்டா?"

தங்கப்பழம் சக்கரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

"எந்திரிங்க, நான் பாக்கேன்." பேன்ட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு குந்தினான். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். எங்கே கற்றுக்கொண்டான், செல்போனில் பார்த்திருப்பான். "கல்லு மாரி நிக்கி. எம்மா! இங்க வாங்க. ஒங்க வீட்டுக்காரரு சக்கரம் கல்லு மாரி நிக்கி."

"நான் அப்பமே சொன்னேன்லா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வலப்பக்கம், கேட் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"சாவி தாறேன்னது நீங்க சொன்ன வார்த்ததாம்ப்பா, நான் ஒண்ணும் கேக்கல" என்றான் ஜெபசிங்.

"சொன்னேன். இல்லன்னா சொன்னேன்?" என்றார் தங்கப்பழம்.

"எப்பா, வெளையாட்டுக்குச் சொல்லல. டாக்டர் சொன்னாருல்லா. பொறத்தால லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா ஒங்களுக்கு எங்கேருந்துன்னு தெரியாது. ஒங்க நல்லதுக்குத்தான். நான் ஒங்களக் கொற சொல்லுவனா?"

குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டி பிடிச்ச கிழவா என்று ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருக்கலாம். இது டாக்டர்களின் மேஜை முன்னால் நின்று மாத்திரை விற்கிற குரல். மகனுடைய வாயிலிருந்து இந்தக் குரல் தனக்கென்று வருவதை அவர் இன்றைக்குத்தான் கேட்டார். செருப்பால் அடித்தால்கூட அதில் ஒரு உறவு இருக்கும்.

"வேணும்னா அந்தப் பக்கமும் ஒரு மட்டம் பாத்துருங்க" என்றான் ஜெபசிங், வாட்சைப் பார்த்துக்கொண்டு. "வண்டிய வெளிய எடுத்துத் தாறேன்."

"வேண்டாம்."

"இல்லப்பா, ஒங்க திருப்திக்கு."

"வேண்டாம்ங்கேன். அந்தப் பக்கத்துல ஒண்ணும் கெடையாது. எனக்குத் தெரியும்." திருப்திக்காம். பிள்ளை அழுகிறது என்று மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற மாதிரி ஒரு சக்கரம். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சர்ச்சில் கொடுத்த பிளாஸ்டிக் சிலுவை, கார்ச் சாவி, வீட்டுச் சாவி. வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைத் தனியே கழற்ற முயன்றார். கிரீஸ் விரல், நகம் நுழையவில்லை. அது கெடக்கட்டும்பா என்றான் மகன். கெடக்க வேண்டாம் என்று மறுபடி முயன்றார். வளையத்தின் இரண்டு சுற்றுக்கு நடுவே நகம் வழுக்கி வழுக்கிப் போயிற்று. ஜெபசிங் பொறுமையாக நின்றான். அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் சாவி கழன்று சாக்கின்மேல் விழுந்தது. மிச்சத்தை அவன் கையில் வைத்தார். ஜாக்கியை இறக்கினார், ஒவ்வொரு செங்கல்லாக உருவினார், ஒட்டடைக் கம்பால் இடப்பக்கத்துச் செங்கல்களை இழுத்தார். மகன் காரை வெளியே இறக்கினதும் ரத்தினபாய் புதுச் சேலையில் வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையுமாக முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி அவரிடம் ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தார். சோறு அடுப்பில் என்றாளா, கதவைப் பூட்டு என்றாளா. தலையாட்டினார். பழக்கந்தான்.

கேட்டைச் சாத்துவதற்காக நின்றுகொண்டிருந்தபோது ஹார்ன் கேட்டது, இரண்டு தடவை, போய்வருகிறோம் என்கிற மாதிரி. வலப்பக்கம் பார்த்தார். தெரு காலியாகக் கிடந்தது. ஒரு நாய், கரண்டுக் கம்பம், கம்பத்தடியில் குப்பை. கார் எங்கே. ஒரு கணம் பயந்துவிட்டார், இவ்வளவு பெரிய பொருள் எங்கே போகும் என்று. பிறகு உடம்போடு திரும்பினார். கார் இடப்பக்கம் தெரு முனையில் இருந்தது, மெயின்ரோட்டுக்காக வலப்பக்கம் வளைந்துகொண்டிருந்தது. வளையும்போது அதன் இடப்பக்கம் அமுங்கியது. கார் இடது தோளில் சாய்ந்து திரும்பியது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், மறைந்த பிறகும். வலது பக்கம் வளைத்தால் வண்டி இடது பக்கம் சாயும். தலைக்கு மேல் கண்ணாடியில் முப்பத்திரண்டு வருஷம் பார்த்தது. பணகுடி வளைவில் ஸ்டியரிங்கை வலது கைப்பக்கம் ஒடித்தால் நின்றுகொண்டு வருகிற சனம் மொத்தமும் இடது கைப்பக்கம் சரியும், கம்பியைப் பிடி, கம்பியைப் பிடி என்று கண்டக்டர் கத்துவான், பாரம் பூராவும் இடது சக்கரத்தில் இறங்கும். போன வாரம் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் வேகத்தைக் குறைக்காமல் வலது பக்கம் வளைத்தபோதுதான் மில் சத்தம் ஓங்கியது. அவர் அதை வைத்தே முடிவு பண்ணினார், வலது பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறது, வலது சக்கரம்தான் என்று. பாரம் ஏறின சக்கரம்தானே அழும். பாரம் ஏறினது இடது சக்கரத்தில். அப்புறம் அந்தக் காது. ஹார்ன் வலப்பக்கம், டீ கொண்டுவந்தவள் வலப்பக்கம், உள்ளேயிருந்து பேசினவள் வலப்பக்கம், ராத்திரிக் கொசு வலப்பக்கம். உலகத்தில் எது கத்தினாலும் அவருக்கு வலப்பக்கம்தான் கத்தும். அவருக்கு வேறு பக்கமே கிடையாது. காரில் சத்தம் இருக்கிறது. இடது முன்சக்கரத்தில் இருக்கிறது. ரத்தினபாய் காலுக்கடியில்.

செல்போனைப் பையிலிருந்து எடுத்தார். ஜெபசிங் என்ற பெயரைத் தொட வேண்டியதுதான். கார் இன்னும் பாளையங்கோட்டையைத் தாண்டியிருக்காது. தொடவில்லை. காருக்குள் போன் ஸ்பீக்கரில் பேசும், அவளும் கேட்பாள். என்னப்பா, இப்ப எடது பக்கமா, அப்போ நாளைக்குப் பொறத்தால ரெண்டும் என்பான். அவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே வைல போன என்பாள். அவன் ஒங்க திருப்திக்கு என்று அந்த மாத்திரைக் குரலில் ஒரு தடவை சொல்வான். அந்தப் பக்கமும் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது, ஒன்றும் கிடையாது எனக்குத் தெரியும் என்று சொன்ன வாய் இது, சொல்லி முக்கால் மணி நேரம் ஆகவில்லை, வாயில் அந்த ருசிகூடப் போகவில்லை. பேரிங் என்ன இன்றைக்கு நாளைக்கா போய்விடும். கத்தும். ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் கத்திக்கொண்டே ஓடும், அதற்கு அவ்வளவு பொறுமை உண்டு. காரில் சக்கரம் பஸ் மாதிரி லேசில் கழலவும் கழலாது. இஸ்ரவேல் வண்டி வேறு, அது டிப்போவின் கவனக்குறைவு. இவன் படித்த பிள்ளை. இரண்டு காது இருக்கிறது. பாட்டை நிறுத்தினால் கேட்கும். கேட்டால் வந்து கேட்பான், எப்பா, நீங்க சொன்னது சரிதான், ஒரு சத்தம் வருது, என்னன்னு பாருங்க என்பான். அந்த ஒரு வார்த்தை. வந்து கேட்கட்டும். கேட்டால் சொல்லலாம். போனைப் பையில் போட்டுவிட்டு, செங்கல்களைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அடுக்கினார். மதில் திண்டில் டீ ஆறிப்போய், எறும்பு மிதந்தது. எறும்பை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். சோப்புப் போட்டும் கையில் கிரீஸ் போகவில்லை, சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தார், நகக்கண்ணில் மட்டும் நின்றது. சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். வண்டி கப்பல் மாதிரி போச்சு என்றாள் ரத்தினபாய். ஜெபசிங் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை.

2019 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டரை மணியளவில், கயத்தாறை அடுத்த நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி நோக்கிச் சென்ற காரின் இடது முன்சக்கரம் கழன்று, கார் சாலையோரப் பாலத்தின் சுவரில் மோதியது. முன் இருக்கையில் இடப்பக்கம் அமர்ந்திருந்த பாளையங்கோட்டை ரத்தினபாய் (62) அந்த இடத்திலேயே இறந்தார். காரை ஓட்டிய அவருடைய மகன் ஜெபசிங் (34) லேசான காயத்துடன் தப்பினார். சக்கரம் கழலும் முன் எந்தச் சத்தமும் வரவில்லை என்று அவர் போலீசாரிடம் தெரிவித்தார்.